கலத்துட் கலம்
கரை நீங்கிய படகில் மின்னைப் பேணுமாறு

கலம் என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் தருவது. உண்ணும் பாத்திரம் கலம் எனப்படும். நெல்லளக்கும் பேரளவு ஒன்றும் அப்பெயர் பெறும். அணிகலம் என வந்து நகையைக் குறிக்கும். கடல் கடக்கும் ஊர்தி மரக்கலமாம். நம் நாட்டுப் பாடநூல்களில் உயிர்களின் உடலை ஆக்கும் நுண்ணிய அறைகளுக்கும் இப்பெயரே வழங்குகின்றது. மின்னைத் தருஞ் சாதனத்துக்கு மின்கலம் எனப் பெயரிட்டவர் இச்சொல்லின் பழம்பொருளை நன்கறிந்தவராதல் வேண்டும். தகடுகளையும் திரவத்தையும் தன்னுட் கொண்ட அதுவும் ஒரு பாத்திரந்தானே. கரையை நீங்கிய மரக்கலத்துள் மின்கலத்தை எவ்வாறு பேணுவது என்பதே இங்கு யாம் எடுத்துக்கொண்ட பொருளாதலின், கலத்துட் கலம் எனத் தலைப்பிட்டோம்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று விஞ்ஞான ஆசிரியர்கள் புன்னகை செய்யக்கூடும். பற்றறியோடும் சூரிய மின்தகட்டோடும் வரும் குறிப்பேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதப்பட்டவை. கடற்றொழில் செய்யும் பெற்றோர் அவற்றைத் தம் பிள்ளைகளிடங் கொடுப்பர். பிள்ளைகள் எம்மிடங் கொணர்ந்து பொருள் கேட்பர். சொற்களைத் தமிழாக்கப் புகுந்த யாம், பொருளை விளங்காமற் சொல்லை ஆக்குதல் இயலாதென்று கண்டு, பொருளையுங் கற்கலானோம். அவ்வாறு கற்றவற்றுட் படகுக்கு வேண்டியவற்றையே ஈண்டுத் தருகின்றோம்.

கரையிற் கட்டிய படகுக்கு மின் ஒரு கவலையன்று. துறைமுகத்தில் மின்னிணைப்பு இருந்தால் கம்பி இழுத்துப் பற்றறியை ஏற்றிக்கொள்ளலாம். இல்லையாயின் பற்றறியைக் கழற்றித் துவிச்சக்கர வண்டியில் வைத்து வீட்டுக்கோ கடைக்கோ கொண்டுபோகலாம். நங்கூரந் தூக்கியபின் அவ்வழிகள் இரண்டும் அடைபடுகின்றன. அதன்பின் இயந்திரத்தைத் துவக்குவதும், இரவில் உச்சி விளக்கை எரிப்பதும், படகின் அடியிற் சேரும் நீரை இறைப்பதும், நிற்கும் இடத்தை அறிவதும், ஆபத்திற் பிறரை அழைப்பதும் ஆகிய ஐந்து காரியங்களும் ஒரு பெட்டிக்குள் அடங்கிய மின்னை நம்பியே நடைபெறல் வேண்டும். அப்பெட்டி வெறுமையானால் ஐந்தும் ஒருங்கே போம். சிறிய வெளியிணைப்பு இயந்திரத்தைக் கயிறிழுத்துத் துவக்கலாம். உள்ளிணைப்பு டீசல் இயந்திரத்தைக் கையாற் சுழற்றித் துவக்குதல் எளிதன்று. விளக்கில்லாத படகைப் பெருங்கப்பல் காணாது. பாக்கு நீரிணையில் இன்னொரு துன்பமும் உண்டு. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட கடலெல்லை கண்ணுக்குத் தெரியாத கோடு. இயந்திரந் துவங்காத படகை நீரோட்டம் அக்கோட்டுக்கு அப்பால் இழுத்துச் சென்றால், இடங்காட்டுங் கருவியும் அணைந்துவிட்ட நிலையில், படகிலுள்ளோர் அதனை அறியவுமாட்டார்.

இன்றும் நம் படகுகளில் மிகுதியாகக் காணப்படுவது ஈயவமிலப் பற்றறியேயாம். பிரான்சிய அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859 ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். ஒரு தகடு ஈயம், மற்றது ஈயவீரொட்சைட்டு, இரண்டும் ஐதான சல்பூரிக்கமிலத்துள் மூழ்கி நிற்கின்றன. இவ்வாறமைந்த ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்து ஒரு பெட்டிக்குள் வைத்ததே நாம் கடையில் வாங்கும் 12 வோல்ற்றுப் பற்றறி. மின்னை எடுக்க எடுக்க இரு தகடுகளும் சிறிது சிறிதாக ஈயச்சல்பேற்றாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகின்றது. மின்னேற்றுங்கால் இவ்வினை மறுதலையாக நிகழ்ந்து, தகடுகள் பழைய நிலையை எய்துகின்றன. புதிதாய் உண்டான ஈயச்சல்பேற்று நுண்ணிய துகளாய் இருக்கும், எளிதில் மீளும். ஏற்றாமற் பல நாள் விட்டுவைத்தால் அது கடினமான படிகமாய் இறுகிவிடும். இறுகியது பின்னர் மீளாது. மாரியிலே தொழிலின்றிக் கரையேற்றி வைத்த படகில் அரைவயிற்றோடு கிடந்த பற்றறி, தை பிறந்தபின் எவ்வளவு ஏற்றினும் உயிர்பெறாமைக்குக் காரணம் இதுவேயாம். கடைக்காரர் கெட்ட பற்றறியைத் தந்துவிட்டார் என்று அவரை நோவதிற் பயனில்லை.

பற்றறியில் எவ்வளவு மின் எஞ்சியுள்ளது என்பதை எண்ணெய்த் தாங்கியிற் போலக் கோல் விட்டுப் பார்க்க முடியாது. ஆயினும் அறிதற்கு வழிகள் இரண்டு உண்டு. ஒன்று வோல்ற்றுமானி. ஏற்றலுமின்றி எடுத்தலுமின்றிச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றறி 12.7 வோல்ற்றுக் காட்டுமாயின் அது நிறைந்தது, 12.2 காட்டுமாயின் பாதி, 11.9 அல்லது அதற்குங் கீழாயின் அனேகமாக வெறுமை. நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ற்றுத்தானும் இல்லை என்பதை மாணவர் நோக்குக. ஊசி அசையும் மானியில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இலக்கத்திற் காட்டும் மானியே வேண்டும். இப்போது அது மலிவாகக் கிடைக்கின்றது. ஓய்ந்திருந்த பற்றறி என்று யாம் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தை நிறுத்தியவுடன் பார்த்தால் மானி பொய்யாக மிகுத்துக் காட்டும். விளக்குகள் எரியும்போது பார்த்தால் குறைத்துக் காட்டும். மற்றைய வழி, மூடியைத் திறந்து அமிலத்தின் சாரடர்த்தியை நீரமானியால் அளத்தல். நிறைந்த பற்றறியில் அது 1.27 அளவில் நிற்கும், பாதியில் 1.19 அளவுக்கு இறங்கும். ஆறு கலங்களையும் தனித்தனி அளக்கலாமாதலின், ஐந்து நன்றாயிருக்க ஒன்று மட்டுங் கெட்டிருப்பின் அதனையும் இது காட்டிக்கொடுக்கும். மூடி திறக்க இயலாதபடி முத்திரையிட்ட பற்றறிகளில் இவ்வசதி இல்லை.

இனி, கொள்ளளவு பற்றிச் சொல்வாம். பற்றறியின் மேல் 100 அம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். 5 அம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். 50 அம்பியர் வீதம் எடுத்தால் 2 மணி நேரம் தாங்குமோ எனின், தாங்காது. விரைந்து எடுப்போர்க்கு அது குறைவாகவே தரும். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியர் மிகுதியாகப் பயன்படுத்திய ஏழாம் வகை நீர்மூழ்கிக்கப்பல் கடலுக்கடியிற் பற்றறியினாலேயே ஓடியது. மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் ஊர்ந்தால் ஏறத்தாழ 80 கடல்மைல் செல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. முழு வேகத்தில் ஓடினாலோ மிகச் சொற்ப நேரத்திற் பற்றறி வறண்டுபோம். வேகத்தை மிகுத்தால் நீரின் எதிர்ப்பு மிகும் என்பது ஒரு காரணம்; விரைந்து எடுக்கப்படும் பற்றறி தன் முழுச் சேமிப்பையும் தராது என்பது மற்றொன்று. நம் மீன்பிடிப் படகில் இத்தகைய பெருஞ்செலவு இயந்திரத்தைத் துவக்குகையில் மாத்திரமே நேர்கின்றது. ஏனைய செலவுகள் யாவும் சிறியன, ஆனால் ஓயாதன.

அச்சிறு செலவுகளை இனிக் கணக்கிடுவோம். மாலை 6 மணிக்குப் புறப்பட்டுக் காலை 6 மணிக்குக் கரை சேரும் உள்ளிணைப்பு இயந்திரப் படகொன்றை எடுத்துக்கொள்க. உவாற்றைப் 12 ஆல் வகுத்தால் அம்பியர் வரும். அம்பியரை மணியாற் பெருக்கினால் அம்பியர்-மணி வரும். இவ்விரண்டு செய்கைகளுக்கு மேல் இக்கணக்கில் ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் இயலும். உச்சி விளக்கு இக்காலத்து எல்.ஈ.டி. வகையாயின் 3 உவாற்று, அதாவது கால் அம்பியர். 12 மணி நேரத்துக்கு 3 அம்பியர்-மணி. இடங்காட்டுங் கருவி அரை அம்பியர் கொள்ளின் 6 அம்பியர்-மணி. வானொலித் தொடர்புக் கருவி கேட்டிருக்கும்போது அரை அம்பியருக்குங் குறைவாகவே கொள்ளும். பேசும்போது 5 அம்பியர் வரை கொள்ளும். பேச்சுச் சில நிமிடமேயாதலின் இரவு முழுவதற்கும் 5 அம்பியர்-மணி எனக் கொள்ளலாம். ஆழங்காட்டுங் கருவி 1 அம்பியர் வீதம் 4 மணி நேரம் இயங்கினால் 4. வலை இழுக்கும்போது எரியும் 24 உவாற்றுத் தட்டு விளக்கு 3 மணி நேரத்துக்கு 6. ஆக மொத்தம் 24 அம்பியர்-மணி.

இதே படகில் உச்சி விளக்கு மட்டும் பழைய இழைமின்குமிழாய், 25 உவாற்றுக் கொள்வதாய் இருப்பின் யாது நிகழும்? அது ஒன்றே இரவில் 25 அம்பியர்-மணியை உண்ணும். மொத்தம் 46 ஆகும். அதனோடு பாட்டுப்பெட்டி ஒன்று 2 அம்பியர் வீதம் 6 மணி நேரம் பாடுமாயின் 58. ஒரு மின்குமிழும் ஒரு பாட்டுப்பெட்டியும் செலவை இரு மடங்குக்கு மேலாக்கிவிட்டன. பற்றறி போதவில்லை என்று முறையிடுவோர் இன்னும் பெரிய பற்றறியை வாங்குவதே வழக்கம். முதலில் மின்குமிழை மாற்றுக என்பதே எம் கருத்து. பற்றறியின் விலையையும் மின்குமிழின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தோர் இதனை மறுக்கமாட்டார்.

100 அம்பியர்-மணிப் பற்றறிக்கு 58 பெரிதோ என்று ஒருவர் வினவலாம். இவ்விடத்திலேதான் பலர் வழுக்குகின்றனர். ஈயவமிலப் பற்றறியில் எழுதிய அளவிற் பாதியே நாம் எடுத்துச் செலவிடத்தக்கது. மற்றப் பாதியை எடுக்கவே முடியாதென்பதில்லை. எடுத்தால் தகடுகள் விரைவில் தேயும், பற்றறி ஏற்றி இறக்கத்தக்க தடவைகள் பெரிதுங் குறையும். வெறுமையாகும் வரை எடுத்துப் பழகிய பற்றறி, பாதியோடு நிறுத்திப் பழகியதிலும் மிக முந்திச் சாகும். விதைநெல்லைக் குத்தி உண்ணும் குடியை ஒத்தது இது. அன்றியும் அப்பாதிக்கு வேறொரு கடமையும் உண்டு. வானிலை கெட்டுத் திரும்புதல் தாமதமானால், நீர் உட்புகுந்து பம்பியை ஓயாது இயக்க நேர்ந்தால், அன்றைக்கு வேண்டப்படுவது அம்மிச்சமே. ஆகவே 100 என்று எழுதியிருந்தாலும் 50 என்றே படிக்கப் பழகுதல் வேண்டும். அவ்வாறு படித்தால் 24 அச்சமற்றது. 46 விளிம்பில் நிற்பது. 58 எல்லை கடந்தது.

இயந்திரத்தைத் துவக்கும் செலவையும் பார்ப்போம். துவக்குமோட்டார் 200 அம்பியர் வரை இழுக்கும். எண்ணைக் கேட்டால் அச்சமாயிருக்கும். ஆனால் 5 விநாடிக்கு மேல் அது ஓடாது. 200 அம்பியரை 5 விநாடிக்கு எடுத்தால் கால் அம்பியர்-மணியிலும் சற்றே மிகுதி. பழைய மின்குமிழ் ஓர் இரவில் உண்ட மின், இயந்திரத்தை ஏறக்குறையத் தொண்ணூறு முறை துவக்கப் போதியதாம்! எனினும் பாதிக்குக் கீழிறங்கிய பற்றறியால் ஒருமுறை துவக்குவதும் அரிது. துவக்கத்துக்கு வேண்டியது மின்னின் அளவைக் காட்டிலும் அதன் வலு. களைத்த பற்றறி 200 அம்பியர் கேட்டவுடன் அழுத்தம் வீழ்ந்து, டக் என்ற ஓசையோடு நின்றுவிடும்.

இதற்கு உலகெங்கும் மாலுமிகள் கண்ட பரிகாரம் ஒன்றே. துவக்கத்துக்கு ஒரு பற்றறி, ஏனைய எல்லாவற்றுக்கும் வேறொரு பற்றறி என்று பிரித்துவிடுதல். துவக்கும் பற்றறியிலிருந்து விளக்குக்கோ வானொலிக்கோ ஒரு கம்பியும் போகலாகாது. இரு பற்றறிகளும் உள்ளமைப்பிலும் வேறானவை. துவக்கும் பற்றறியில் மெல்லிய தகடுகள் பல. பெருமின்னோட்டத்தைச் சில விநாடிக்குத் தர வல்லவை. ஆழமாக இறக்கினால் விரைவிற் கெடுவன. மற்றையதில் தடித்த தகடுகள். மெதுவாகவும் ஆழமாகவும் இறக்கப்படுவதைத் தாங்குவன. மோட்டார் வண்டிப் பற்றறியை வாங்கி விளக்குக்குப் பூட்டுவது நம்மூரிற் பரவலான வழக்கம். அதற்குக் காரணம் விலை என்பதை அறிவோம். இரண்டு மாரி கழிந்தபின் அவ்விலையை மீண்டும் ஒருமுறை கொடுக்க நேர்வதையும் கண்டுள்ளோம். இரண்டையும் கடலிற் பிரித்தும் இயந்திரம் ஓடுகையில் ஏற்றத்துக்காகச் சேர்த்தும் வைக்க ஓர் ஆளியோ தானியங்கி இணைப்பியோ போதும். கையால் திருப்பும் ஆளி மலிவானது. ஆயின் இயந்திரத்தை நிறுத்தியபின் பிரிக்க மறப்பவனுக்கு அது இருந்தும் பயனில்லை. மேலும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆளியை முற்றாக அணைத்துப் பற்றறியை விலக்கிவிடலாகாது. அவ்வாறு செய்தால் அல்ரனேற்றரின் உள்ளே இருக்கும் இருவாயிகள் எரிந்துபோம்.

செலவைப் பார்த்தோம், இனி வரவு. படகில் மின் வரும் வாயில்கள் பெரும்பாலும் இரண்டு: இயந்திரத்தோடு சுழலும் அல்ரனேற்றர், சூரிய மின்தகடு. 24 அம்பியர்-மணி செலவானால் இழப்பையுஞ் சேர்த்து 28 அளவில் திருப்பி ஏற்றுதல் வேண்டும். 50 அம்பியர் தரும் அல்ரனேற்றர் இருக்க அரைமணி நேரம் போதாதோ எனின், போதாது. சாக்கில் நெல் நிரப்புவதை நினைத்துப் பார்க்க. முதலிற் கொட்டக் கொட்ட இறங்கும். கழுத்தை அணுகியபின் குலுக்கிக் குலுக்கிப் பிடிபிடியாகவே இடல் வேண்டும். பற்றறியும் ஐந்தில் நான்கு பங்கு வரை விரைந்து கொள்ளும். கடைசி ஐந்திலொரு பங்கை மெல்ல மெல்லவே கொள்ளும், அதற்குப் பல மணி நேரம் செல்லும். கரை திரும்பும் இரண்டு மணி நேர ஓட்டத்தில் நான்கு பங்கு நிரம்பும். ஐந்தாம் பங்கு நிரம்பாமலே படகு கட்டப்படும். நாள்தோறும் இவ்வாறே நிகழுமாயின், ஒருபோதும் மீளாத அந்த ஐந்திலொரு பங்குத் தகட்டில் முன்னர்ச் சொன்ன படிகம் இறுகத் தொடங்கும். நாள்தோறும் ஓடுகின்ற படகின் பற்றறியும் ஏன் இரண்டு ஆண்டிற் சாகின்றது என்று எம்மை வினவியோர்க்கு யாம் கூறும் விடை இது.

அந்த ஐந்தாம் பங்கை நிரப்புவதற்குச் சூரிய மின்தகடு போல் உகந்தது பிறிதொன்றில்லை. அது விரைந்து தராது. ஆனால் படகு கரையிற் கட்டியிருக்கும் பகல் முழுவதும் ஓசையின்றித் தந்துகொண்டேயிருக்கும். 100 உவாற்றுத் தகடொன்று நம் கடற்பகுதியில், நல்ல வெயில் நாளில், வெப்பத்தாலும் உப்புப் படிவாலும் வரும் இழப்புப் போக 25 முதல் 30 அம்பியர்-மணி வரை தருமென எதிர்பார்க்கலாம். மேலே கண்ட படகின் ஓர் இரவுச் செலவுக்கு இது அனேகமாகச் சரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தகட்டைச் சாய்க்க வேண்டிய தேவையும் மிகுதியாக இல்லை. கூரைமேற் படுக்க வைத்தாலும் பெருங்குறை நேராது. இங்கிலாந்தின் கால்வாய்களிற் படகையே வீடாகக் கொண்டு கரை மின்னிணைப்பின்றி வாழ்வோர் பலர் உளர். இலண்டனிலிருக்கும் நம் பழைய மாணவர்கள் அவர்களைக் கண்டிருப்பர். மார்கழியில் அவர்களுடைய தகடு, இங்கே கிடைப்பதிற் பத்திலொரு பங்கைத் தந்தாலே நன்று. வெயிலைக் குறை கூறும் நாம் இவ்வொரு வகையில் பேறுபெற்றோரே. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. பாய்மரத்தின் நிழலோ ஒரு கயிற்றின் நிழலோ தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் தகடு முழுவதன் வரவும் வீழ்ந்துவிடும்; உள்ளிருக்கும் சிறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருத்தலே காரணம். காகத்தின் எச்சமும் அவ்வாறே செய்யும். தகட்டுக்கும் பற்றறிக்கும் இடையே மின்னேற்றத்தை அடக்கும் கருவி ஒன்றும் கட்டாயம் இருத்தல் வேண்டும். இல்லையேல் பற்றறி அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டு நீர் வற்றும்.

கரை மின்னில்லாத இடத்தில் இருப்பதைக் கொண்டு சமாளித்தல் புதியதொன்றன்று. நோர்வே நாட்டு நான்சென் என்பார் 1893 ஆம் ஆண்டில் 12 தோழரோடு பிராம் என்னுங் கப்பலில் வடதுருவக் கடலுக்குப் புறப்பட்டார். பனிக்கட்டியுள் இறுகி நின்ற அக்கப்பலின் தட்டிலே ஒரு காற்றாடி நாட்டப்பட்டு, அது டைனமோவைச் சுழற்ற, பல திங்கள் நீளும் துருவ இரவில் அவர்கள் மின்விளக்கு ஏற்றினர். அவ்வளவு தொலை போவானேன்? 1990 இற் குடாநாட்டில் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையினால் பற்றறியும் கிடைத்தற்கரிய பொருளானபோது, துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டிச் செய்தி கேட்ட தலைமுறை இம்மலரைப் படிப்போருள் உளது. சுழற்றுவது நின்றால் செய்தியும் நின்றுவிடும். மின்னைச் சேமித்து வைக்கும் கலம் ஒன்று இடையே இருப்பதன் அருமையை அவர்களுக்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடெங்கும் மின் தடைப்பட்டபோது அவ்வருமையை ஏனையோரும் அறிந்தனர்.

பராமரிப்புப் பற்றிச் சில சொல்வாம். மூடி திறக்கும் பற்றறியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுதல் வேண்டும். கிணற்று நீர் ஒருபோதும் ஆகாது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல்லாலானது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் அப்பொருள் பற்றறியின் தகட்டையும் கெடுக்கும். ஏற்றத்தின் இறுதியில் பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அது தீப்பற்றி வெடிக்க வல்லது. ஆதலின் பற்றறிப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். அதன் அருகிற் சுருட்டுப் பற்றுதல் ஆகாது. கடல்நீர் அமிலத்தோடு கலந்து மின்னும் பாய்ந்தால் குளோரீன் என்னும் நச்சுவாயு உண்டாகலாம்; நீர்மூழ்கிக்கப்பலில் இருந்தோர் மிக அஞ்சியது இதற்கே. எனவே அடியிற் சேரும் நீர் எட்டாத உயரத்திற் பற்றறியை வைத்து, படகு உருண்டாலும் அசையாதவாறு பட்டியாற் கட்டுக. முனைகளிற் பூத்த பச்சையையும் வெள்ளையையும் அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து, வசெலின் பூசுக. கலத்தின் துவாரத்துள் அந்நீர் இறங்காமற் பார்த்துக்கொள்க. கம்பி மெல்லியதாயின் வழியிலேயே மின் வீணாகும். வீட்டின் 230 வோல்ற்றில் ஒரு வோல்ற்று வீழ்வது பொருட்டன்று. படகின் 12 இல் ஒன்று வீழ்வது பன்னிரண்டில் ஒரு பங்கு இழப்பாகும். நீரிறைக்கும் பம்பியைத் தவறி அணைத்துவிடும்படி பொது ஆளியோடு பொருத்தாமல், உருகி ஒன்றை மட்டும் இடையே வைத்து நேரே பற்றறியோடு இணைப்பது நன்று.

இப்போது இலிதியம் வகைப் பற்றறியும் சந்தைக்கு வந்துள்ளது. படகுக்கு ஏற்றது இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை. எழுதிய அளவில் ஐந்தில் நான்கு பங்கையும் துணிந்து எடுக்கலாம். பாதியில் நிறுத்தி வைத்தாலும் கெடாது. எடையும் மிகக் குறைவு. விலை இன்னும் எல்லோர்க்கும் எட்டுவதாக இல்லை. இதனை வாங்குவோர் இரண்டு செய்தி அறிதல் வேண்டும். நிறைந்திருந்தாலும் பெரும்பங்கு இறங்கியிருந்தாலும் இதன் வோல்ற்று அனேகமாக ஒன்றாகவே நிற்குமாதலின், மேலே யாம் கூறிய 12.7, 12.2 என்னும் அளவுகள் இதற்குப் பொருந்தா. உட்செல்வதையும் வெளிச்செல்வதையும் எண்ணிக் காட்டும் மானி ஒன்று வேண்டும். இரண்டாவது, இதனுள் இருக்கும் காவற்கருவி, எல்லை மீறிய இறக்கத்தைக் கண்டால் முன்னறிவிப்பின்றி மின்னை முற்றாக அறுத்துவிடும். ஈயப் பற்றறி விளக்கை மங்கச் செய்து எச்சரித்துச் சாகும். இதுவோ நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கை ஒரு நொடியில் இருளாக்கும். ஆகவே இலிதியம் வைத்தோரும் துவக்கத்துக்கு ஓர் ஈயப் பற்றறியைத் தனியே வைத்திருத்தலே பாதுகாப்பு.

பல நாள் ஆழ்கடலில் நிற்கும் கலங்களுக்குச் செலவுப் பட்டியலில் மேலும் ஒன்று உண்டு. 2015 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 2016 இல் அத்தடை நீங்கியது. ஆழ்கடற் கலங்களைக் கண்காணிக்கும் முறை போதாமை அத்தடைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதன் பயனாகச் செய்மதி வழியாக இடத்தை அறிவிக்கும் கருவி அக்கலங்களிற் பொருத்தப்பட்டது. அது கொள்ளும் மின் சிறிதே. ஆனால் இரவும் பகலும் ஓயாது வேண்டும். பற்றறி வறண்டு அது மௌனமானால், கரையிலிருந்து பார்ப்போர்க்கு அக்கலம் கடலில் மறைந்துபோனதாகவே தோன்றும்.

மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சியும் தருகின்றோம். ஒரு பலநாட் கலத்தில் விளக்கு முதலியவற்றுக்காக 100 அம்பியர்-மணி ஈயவமிலப் பற்றறிகள் இரண்டு சமாந்தரமாக இணைக்கப்பட்டுள்ளன. துவக்கும் பற்றறி வேறு. புறப்படும்போது இரண்டும் நிறைந்தவை. இரவுச் செலவு மேற்கண்ட 24. பகலிற் பம்பிக்கும் செய்மதிக் கருவிக்கும் 6. இயந்திரத்தை ஓட்டி ஏற்றவில்லை. முதலிரவுக்குப் பின்வரும் பகலில் சூரியத் தகடு 25 தந்தது. இரண்டாம் பகல் மப்பாதலின் 10. மூன்றாம் பகல் மழை, ஒன்றுமில்லை. மின்னேற்ற இழப்பை விட்டுவிடுக. மூன்றாம் பகல் முடிவில், தொடலாகாத பாதிக்கு மேல் எத்தனை அம்பியர்-மணி எஞ்சியிருக்கும்? உச்சி விளக்கு 25 உவாற்று இழைமின்குமிழாய் இருந்திருப்பின், எந்த இரவில் எல்லை கடக்கப்பட்டிருக்கும்? விடையை எம்மிடங் கொணர்வோர், தம் வீட்டுப் படகின் செலவுக் கணக்கையும் உடன் எழுதிக் கொணர்க.